கணினிப் பாடம்: கூட்டுக் கூறுகளுக்குள் அஜாக்ஸை இணைப்பது

கல்வி உதவித்தொகைப் படிவத்தைக் கணினியில் ஏற்றிய முதல் வாரத்தில் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எங்க வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறார். வருஷத்துக்கு 96,000 ரூபாய்னு போட்டேன். உங்க கம்ப்யூட்டர் 11,52,000ன்னு காட்டுது. அனுப்புற பட்டனை அமுக்கவும் முடியல. மூணு தடவை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன்" என்றார்.

நாங்கள் அவருடைய விவரங்களைத் தொலைபேசியிலேயே கேட்டு எழுதிக்கொண்டோம். பிறகு படிவத்தைத் திறந்து பார்த்தோம். தவறு அவருடையதல்ல, எங்களுடையது. அவரைப் போலவே முயன்று, 'நமக்குத் தகுதி இல்லை போலிருக்கிறது' என்று மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை அறிய வழியில்லை. சமர்ப்பிக்கப்படாத படிவம் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

இந்தத் தவறு வலைநிரல் கற்கும் நம் மாணவர்கள் அனைவருக்கும் ஒருநாள் வரக்கூடியது என்பதால், அதையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். எங்கள் படிவம் ஜாவா மொழியின் ஜேஎஸ்எஃப் கட்டமைப்பில் எழுதப்பட்டது. ஜாவா சர்வர் ஃபேசஸ் என்பது அதன் விரிவு. இப்போது அது எக்லிப்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் ஜகார்த்தா ஃபேசஸ் என்ற பெயரில் தொடர்கிறது. வேறு கட்டமைப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் கீழே வரும் சிக்கல்களின் வடிவம் பழகியதாகவே இருக்கும்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பழைய முறையில் ஒரு பட்டியலில் மாவட்டத்தை மாற்றினால்கூடப் பக்கம் முழுவதும் சர்வருக்குப் போய்த் திரும்பி வரும். பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னணியில் ஒரு சிறு கோரிக்கையை அனுப்பி, தேவையான இடத்தை மட்டும் மாற்றுவதுதான் அஜாக்ஸ். பெயர் 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அதற்குப் பயன்படும் கருவி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிரவுசர்களில் இருந்தது. ஜேஎஸ்எஃப்பில் 2009இல் வந்த 2.0 பதிப்புதான் அஜாக்ஸைக் கட்டமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. அதுவரை ரிச்ஃபேசஸ், ஐஸ்ஃபேசஸ் போன்ற வெளி நூலகங்களைத்தான் நம்பியிருந்தார்கள். நாமே சிறு கூறுகளைச் சேர்த்து ஒரு கூட்டுக் கூறு செய்துகொள்ளும் வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம்.

எஃப்:அஜாக்ஸ் என்பது ஒரு டேக். அதை ஓர் உள்ளீட்டுப் பெட்டியின் டேக்குக்குள் எழுதினால், அந்தப் பெட்டிக்கு அஜாக்ஸ் நடத்தை சேர்ந்துவிடும். பல பெட்டிகளைச் சுற்றி அதை எழுதினால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் சேரும். எந்த நிகழ்வில் இயங்க வேண்டும் என்று சொல்லாவிட்டால், உள்ளீட்டுப் பெட்டிக்கு மதிப்பு மாறும்போதும், பொத்தானுக்கு அதை அழுத்தும்போதும் இயங்கும். இதற்கு இரண்டு முக்கியப் பண்புகள் உண்டு. எக்ஸிக்யூட் என்பது சர்வர் எந்தக் கூறுகளின் மதிப்பை எடுத்துச் செயல்படுத்த வேண்டும் என்று சொல்வது. ரெண்டர் என்பது திரும்பி வரும்போது எந்தக் கூறுகளைப் புதிதாக வரைய வேண்டும் என்று சொல்வது. ஒன்றும் எழுதாவிட்டால் எக்ஸிக்யூட்டுக்கு @திஸ், அதாவது அந்த ஒரு கூறு மட்டும். ரெண்டருக்கு @நன், அதாவது எதுவும் வேண்டாம்.

இந்த @திஸ் என்ற சிறு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாயாரைத் திருப்பி அனுப்பியதில் பாதிப் பங்கு அதற்கு உண்டு.

எங்கள் படிவத்தின் அமைப்பு இது. வெளியே 'விண்ணப்பம்' என்ற ஃபார்ம். அதற்குள், வீட்டில் சம்பாதிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை வரும்படி 'உறுப்பினர்' என்ற ரிப்பீட் கூறு. ஒவ்வொரு வரிசையிலும் 'வருமானம்' என்று நாங்களே செய்த கூட்டுக் கூறு. அதன் உள்ளே இரண்டு பெட்டிகள்: 'தொகை' என்ற உள்ளீட்டுப் பெட்டி, 'காலம்' என்ற தேர்வுப் பட்டியல். காலத்தில் 'மாதம்', 'ஆண்டு' என்று இரண்டு தேர்வுகள். முதலில் 'மாதம்' இருக்கும். வரிசைகளுக்கு வெளியே, அடியில் 'மொத்தம்'. அது வரம்பைத் தாண்டினால் சமர்ப்பிக்கும் பொத்தான் பூட்டிக்கொள்ளும். (பெயர்களைப் புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறோம். நிரலில் ஐடிகளை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள்.)

கூட்டுக் கூறு என்பது வெளியிலிருந்து பார்த்தால் மூடிய பெட்டி. பக்கத்தில் அதைப் பயன்படுத்துகிறவர் எஃப்:அஜாக்ஸை அதற்குள் எழுதினால், உள்ளே இருக்கும் எந்தப் பெட்டிக்கு அதைக் கட்டுவது என்று கட்டமைப்புக்குத் தானாகத் தெரியாது. அதைக் கூட்டுக் கூறைச் செய்தவர்தான் அதன் இன்டர்ஃபேஸ் பகுதியில் அறிவிக்க வேண்டும். அதற்கான டேக் கிளையன்ட்பிஹேவியர். அதில் நிகழ்வுக்கு வெளியே வழங்கும் பெயர், உள்ளே அது எந்த நிகழ்வாக மாறும், டார்கெட்ஸ் என்ற பண்பில் எந்த உள்கூறுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பவை இருக்கும். டார்கெட்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட ஐடிகளை இடைவெளி விட்டு எழுதலாம்.

நாங்கள் 'தொகை' என்ற ஒன்றை மட்டும் எழுதியிருந்தோம். கூறைச் செய்த அன்று அதில் காலம் என்ற பட்டியலே இல்லை. பிறகு யாரோ, யாரோ என்ன, எங்களில் ஒருவர்தான், 'சிலருக்கு ஆண்டுக் கணக்குத்தான் தெரியும்' என்று அதைச் சேர்த்தார். நல்ல எண்ணம். ஆனால் டார்கெட்ஸை யாரும் திருத்தவில்லை.

இனி அந்தத் தாயார் என்ன பார்த்திருப்பார் என்று படிப்படியாக நடந்து பாருங்கள். தொகையில் 96,000 என்று அடித்து அடுத்த பெட்டிக்குப் போகிறார். தொகைக்கு அஜாக்ஸ் இருப்பதால் கோரிக்கை போகிறது. சர்வரில் காலம் இன்னும் 'மாதம்'. 96,000ஐ 12ஆல் பெருக்கி 11,52,000 என்று காட்டி, பொத்தானைப் பூட்டுகிறது. அவர் காலத்தை 'ஆண்டு' என்று மாற்றுகிறார். காலத்துக்கு அஜாக்ஸ் கட்டப்படவில்லை, அதனால் எதுவும் நடக்கவில்லை. சரி, தொகையை அழித்து மறுபடி அடித்துப் பார்ப்போம் என்று முயல்கிறார். கோரிக்கை போகிறது. ஆனால் நாங்கள் பயன்படுத்திய பதிப்பில் @திஸ் தொகையை மட்டுமே குறித்தது. சர்வர் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டது. காலம் அதன் கணக்கில் இன்னும் 'மாதம்'தான். மீண்டும் 11,52,000.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் உண்டு. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தால், அந்தக் கோரிக்கையில் 'ஆண்டு' என்ற மதிப்பும் போயிருப்பது தெரியும். 'போயிருக்கிறதே, பிறகு ஏன்?' என்று நாங்களும் ஒரு மணி நேரம் விழித்தோம். ஜேஎஸ்எஃப் அஜாக்ஸ் கோரிக்கையில் வழக்கமாக ஃபார்மில் உள்ள மதிப்புகள் எல்லாமே போகும். ஆனால் எக்ஸிக்யூட்டில் பெயர் சொல்லப்பட்ட கூறுகளைத்தான் சர்வர் திறந்து பார்க்கும், சரிபார்க்கும், மாடலில் எழுதும். மற்றவை வாசல்வரை வந்து நின்றுவிடும்.

அப்படியானால் எக்ஸிக்யூட்டுக்கு @ஃபார்ம் என்று போட்டுவிட்டால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். முதலில் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது; செய்தும் பார்த்தோம். அப்போது வேறொரு தொல்லை வந்தது. படிவத்தின் கீழ்ப்பகுதியில் வங்கிக் கணக்கு எண், பள்ளியின் பெயர் என்று கட்டாயப் பெட்டிகள் உண்டு. வருமானத்தை நிரப்பும்போது அவை இன்னும் காலியாகத்தான் இருக்கும். @ஃபார்ம் என்றால் அவையும் சரிபார்க்கப்படும். ஏதாவது ஒன்று சரிபார்ப்பில் தோற்றால், ஜேஎஸ்எஃப் மாடலைப் புதுப்பிக்கும் கட்டத்துக்கே போகாமல், நேராக வரையும் கட்டத்துக்குத் தாவிவிடும். மொத்தம் மாறவே மாறாது. சின்னப் படிவத்துக்கு @ஃபார்ம் போதும். நீளமான படிவத்துக்கு அது ஒத்துவராது என்பது எங்கள் அனுபவம்.

சரியான வழியாக நாங்கள் கண்டது, இப்படிப்பட்ட இணைந்த கணக்கு உள்ள இடத்தில் எஃப்:அஜாக்ஸைப் பக்கத்தில் வைக்காமல் கூட்டுக் கூறின் உள்ளேயே வைப்பது. அதன் இம்ப்ளிமென்டேஷன் பகுதியில், தொகையையும் காலத்தையும் சுற்றி ஒரே எஃப்:அஜாக்ஸ். எக்ஸிக்யூட்டில் 'தொகை காலம்' என்று இரண்டு ஐடிகளும். இரண்டில் எது மாறினாலும் இரண்டும் சேர்ந்தே செயல்படும். ரெண்டர் செய்ய வேண்டிய இடம் பக்கத்துக்குப் பக்கம் மாறும் என்பதால், அதைக் கூட்டுக் கூறின் ஒரு பண்பாக வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். கூட்டுக் கூறைப் பயன்படுத்துகிறவர் அஜாக்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எதைப் புதுப்பிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். கிளையன்ட்பிஹேவியர் அறிவிப்பு தவறான வழி என்று சொல்லவில்லை. உள்ளே ஒரே ஒரு பெட்டி இருந்தால் அது அழகாக வேலை செய்யும். இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், அந்தச் சார்பை அறிந்தவர் கூறைச் செய்தவர்தான். பொறுப்பும் அவரிடமே இருக்கட்டும்.

அடுத்தது ஐடி விஷயம். மாணவர்கள் எங்களிடம் அதிகமாகக் கேட்கும் சந்தேகம் இதுவே. ஜேஎஸ்எஃப்பில் சில கூறுகள் தமக்குள் இருப்பவற்றின் ஐடிக்கு முன்னால் தம் பெயரையும் ஒட்டிவிடும். இவற்றுக்கு நேமிங் கன்டெய்னர் என்று பெயர். ஃபார்ம், டேட்டா டேபிள், ரிப்பீட், கூட்டுக் கூறு எல்லாமே இந்த வகை. நம் ஊரில் 'கதவு எண் 4' என்றால் எந்தத் தெரு என்று கேட்பார்களே, அதுபோல. மூன்றாவது வரிசையில் உள்ள தொகைப் பெட்டியின் முழு முகவரி பிரவுசரில் விண்ணப்பம்:உறுப்பினர்:2:வருமானம்:தொகை என்று இருக்கும். வரிசை எண் 0இல் தொடங்குவதால் மூன்றாவதுக்கு 2.

எக்ஸிக்யூட்டிலோ ரெண்டரிலோ வெறும் ஐடியை எழுதினால், அஜாக்ஸ் கட்டப்பட்ட கூறுக்கு அருகிலுள்ள நேமிங் கன்டெய்னருக்குள் அதைத் தேடுவார்கள். தொகையும் காலமும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், வெறும் ஐடி போதும். எந்த வரிசை என்பதையும் கட்டமைப்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் மொத்தம் இரண்டு கூடுகளுக்கு வெளியே இருக்கிறது. அங்கே வெறும் 'மொத்தம்' என்று எழுதினால் அந்த ஐடி கிடைக்காது. பெரும்பாலும் 'தெரியாத ஐடி' என்று பிழை வரும். முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்து, உச்சியிலிருந்து :விண்ணப்பம்:மொத்தம் என்று முழு முகவரி கொடுக்க வேண்டும். இதில் இன்னொரு எச்சரிக்கை: ஃபார்முக்கு நீங்களே ஐடி வைக்காவிட்டால் கட்டமைப்பு ஏதோ ஒரு பெயரை வைத்துக்கொள்ளும், அதை நம்பி முகவரி எழுத முடியாது. 2017இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து @பேரன்ட், @காம்போசிட், @நேமிங்கன்டெய்னர் போன்ற சொற்களும் கிடைக்கின்றன. அவை வசதிதான். ஆனாலும் தொடக்கத்தில் முழு முகவரி எழுதிப் பழகுங்கள்; தவறு எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும்.

கூட்டுக் கூறின் ஐடியையே ரெண்டரில் கொடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. எக்ஸிக்யூட்டில் அதைக் கொடுத்தால் உள்ளே உள்ள எல்லாம் செயல்படும், சிக்கல் இல்லை. ரெண்டரில் கொடுத்தால் சிக்கல். கூட்டுக் கூறு தனக்கென்று எந்த எச்டிஎம்எல் உறுப்பையும் வரைவதில்லை. உள்ளே இருப்பவற்றை மட்டுமே வரைகிறது. சர்வர் 'வருமானம் என்ற ஐடியுள்ள பகுதியை இதனால் மாற்று' என்று பதில் அனுப்பும். பிரவுசர் தேடிப் பார்க்கும். அந்த ஐடியில் எதுவும் இருக்காது. இதற்கு, கூட்டுக் கூறின் உள்ளே எல்லாவற்றையும் ஒரு டிவ் அல்லது ஸ்பேனுக்குள் வைத்து, அதற்குக் கூட்டுக் கூறின் கிளையன்ட் ஐடியையே கொடுத்துவிட வேண்டும். ஒரே வரி வேலை. அதைக் கூட்டுக் கூறு செய்யும் ஒவ்வொரு முறையும் முதல் வரியாக எழுதும் பழக்கத்தை நாங்கள் இப்போது வைத்திருக்கிறோம்.

திருத்தும்போதே இன்னொரு தவறும் செய்தோம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மொத்தம் வரம்பைத் தாண்டினால் 'மாதமா ஆண்டா என்று ஒருமுறை சரிபாருங்கள்' என்று ஒரு வாசகம் வரட்டும் என்று சேர்த்தோம். தாண்டினால் மட்டும் தெரிய வேண்டும் என்பதால் அந்த வாசகத்தின் ரெண்டர்டு பண்பில் நிபந்தனை எழுதி, அதன் ஐடியையே ரெண்டர் இலக்காகக் கொடுத்தோம். வாசகம் வரவேயில்லை. தொடக்கத்தில் நிபந்தனை பொய் என்பதால் அது பக்கத்தில் வரையப்படவே இல்லை. பிறகு சர்வர் அதை அனுப்பும்போது, வைப்பதற்குப் பக்கத்தில் இடம் இல்லை. அதைவிட மோசமானது எதிர்த்திசை. பாதியில் சேமித்த ஒரு படிவத்தை மறுபடி திறந்தபோது வாசகம் வந்திருந்தது. காலத்தைச் சரிசெய்தோம், மொத்தம் சரியாக மாறியது, வாசகம் மட்டும் போகவில்லை. நிபந்தனை பொய்யானதும் சர்வர் அந்தக் கூறை வரைவதைத் தவிர்த்துவிடுகிறது. பதிலில் அதைப் பற்றிய பேச்சே இல்லை. எனவே பழைய எழுத்து அப்படியே நிற்கிறது. எப்போதும் வரையப்படும் ஒரு பேனல் குரூப்புக்குள் வாசகத்தை வைத்து, அந்தப் பேனலின் ஐடியை இலக்காகக் கொடுத்ததும் இரண்டும் தீர்ந்தன. நிபந்தனை உள்ளே, இலக்கு வெளியே.

பொத்தானைப் பூட்டுவதையும் எடுத்துவிட்டோம். இது நிரல் பற்றிய விஷயமல்ல, ஆனாலும் சொல்ல வேண்டியது. கணக்கு இப்போது சரி என்று நாங்கள் நம்புகிறோம். முன்பும் அப்படித்தான் நம்பினோம். வரம்பைத் தாண்டும் விண்ணப்பமும் குறிப்புடன் எங்கள் கைக்கு வரட்டும், ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்கட்டும். திரையில் நடக்கும் கூட்டல் விண்ணப்பதாரருக்கு ஒரு துணைக்கு மட்டும். முடிவு செய்யும் கணக்கு சமர்ப்பித்த பிறகு சர்வரில் தனியாக நடக்கிறது.

இன்னும் இரண்டு விஷயங்கள் மிச்சம். ரிப்பீட்டுக்குப் பின்னால் இருக்கும் பீன் ரிக்வெஸ்ட் ஸ்கோப்பில் இருந்தால், ஒவ்வொரு அஜாக்ஸ் கோரிக்கைக்கும் அது புதிதாகப் பிறக்கும். சேர்த்த வரிசைகள் காணாமல் போகும். வியூ ஸ்கோப்பில் வையுங்கள். மற்றது, பிழை வந்தாலும் சத்தமில்லாமல் போவது. மொஜாரா என்ற செயலாக்கத்தில், திட்டம் டெவலப்மென்ட் நிலையில் இருந்தால் அஜாக்ஸ் பிழை ஒரு அலர்ட் பெட்டியாக வரும். புரொடக்ஷன் நிலைக்கு மாற்றியதும் அது வராது. நம் மேசையில் கத்திய பிழை, விண்ணப்பதாரரின் கைப்பேசியில் ஊமையாகிவிடும். படிவத்தைப் பாதியில் நிறுத்தி, ரேஷன் கார்டைத் தேடி எடுத்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறவருக்கு அதற்குள் செஷன் காலாவதி ஆகியிருக்கும். பிறகு அவர் எதை மாற்றினாலும் பக்கம் அசையாது, காரணமும் தெரியாது. எஃப்:அஜாக்ஸின் ஆன்எரர் பண்பில் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூற்றைக் கொடுத்து, 'நேரம் முடிந்துவிட்டது, பக்கத்தை மீண்டும் திறக்கவும்' என்று தமிழில் காட்டுகிறோம். ஆன்ஈவென்ட் பண்பில் கோரிக்கை தொடங்கும்போது 'கணக்கிடுகிறது' என்றும், முடிந்ததும் அதை நீக்கியும் விடுகிறோம். டேட்டா மெதுவாக இருக்கும் ஊர்களில் இந்த ஒரு சொல் இல்லாவிட்டால், மக்கள் அதே பெட்டியை நாலு முறை மாற்றுவார்கள். ஜேஎஸ்எஃப் கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகத்தான் அனுப்பும் என்பதால், நாலும் முடியும்வரை காத்திருக்க வேண்டிவரும்.

அடுத்த வகுப்புக்கு வரும் மாணவர்கள் இதைச் செய்துகொண்டு வாருங்கள். மேலே சொன்ன 'வருமானம்' கூட்டுக் கூறில் மூன்றாவதாக 'நாட்கூலி' என்ற தேர்வைச் சேருங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும், மாதத்தில் சராசரியாக எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்று கேட்கும் ஒரு பெட்டி அதே வரிசையில் தோன்ற வேண்டும். வேறு தேர்வுக்கு மாறினால் மறைய வேண்டும். மூன்று பெட்டிகளில் எது மாறினாலும் மொத்தம் மாற வேண்டும். எக்ஸிக்யூட்டில் எத்தனை ஐடிகள், ரெண்டரில் எவை, அவற்றில் எதற்கு முன்னால் முக்காற்புள்ளி, வரையப்படாத பெட்டியின் ஐடி எக்ஸிக்யூட்டில் இருந்தால் என்ன நடக்கிறது என்று தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். முடித்ததும், காலத்தை முதலில் மாற்றித் தொகையைப் பிறகு அடித்தும், தொகையை முதலில் அடித்துக் காலத்தைப் பிறகு மாற்றியும், இரண்டு விதமாகவும் சோதித்துப் பாருங்கள். நாங்கள் ஒரே விதமாகத்தான் சோதித்திருந்தோம்.